நாளுக்கு நான்கு கட்டம்: அல்சூரில் தமிழ்ப் படக்கதை வரைவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். பகலில் பள்ளிப் பயிற்சி நூல்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். இரவில் அன்றைய நாளில் கண்ட ஒன்றை நான்கு கட்டங்களில் தமிழ்ப் படக்கதையாக வரைந்து வருகிறேன். குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்தைக் கட்டத்துக்குள் அமர்த்துவது பற்றிய பதில்கள் மற்றவற்றைவிட நீளமானவை, ஏனென்றால் இந்த வேலையில் நான் அதிகம் யோசிப்பது அதைப் பற்றித்தான்.

தினமும் வரைகிறேன் என்கிறீர்களே, சரியாக என்ன வரைகிறீர்கள்?

ஓர் ஏ4 தாளில் 8.5 செ.மீ. அகலமுள்ள நான்கு சதுரக் கட்டங்கள், அவற்றுக்குள் அன்று நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சி. தொடங்கிய புதிதில் நாள் முழுவதையும் வரையப் பார்த்தேன்: எழுந்தேன், காபி குடித்தேன், வேலை செய்தேன், படுத்தேன். மூன்று மாதப் பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எந்தப் பக்கம் எந்த நாளுக்கு உரியது என்று எனக்கே தெரியவில்லை. அதன்பின் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீடிக்காத நிகழ்ச்சியை மட்டுமே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். உதாரணமாக, ஒரு தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிறு உணவகம்) இரண்டு முதியவர்கள் ஒரு 'பை டூ' காபி, அதாவது இருவருக்குப் பிரித்துத் தரும் ஒரு காபி, வாங்கினார்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் காபி சற்றுக் கூடுதலாக இருந்தது. அதை ஒருவர் மற்றவர் பக்கம் நகர்த்தினார். அவர் "நீங்க எடுத்துக்குங்க" என்று திருப்பி நகர்த்தினார். டம்ளர் மேசைமேல் நான்கு முறை இடம் மாறியது. நான்கு கட்டத்துக்கு அது போதும்.

முதலில் தோன்றுவது படமா, வசனமா?

பேச்சுதான் முதலில். காதில் விழுந்த வாக்கியத்தை, சொன்னவர் சொன்னபடியே, அன்றைக்கே பேனாவால் எழுதி வைத்துவிடுவேன். இரவில் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தேவையற்ற சொற்களை நீக்கி, மிஞ்சியது எத்தனை வரிக்கு வரும் என்று கணக்கிட்டு, முதலில் எழுத்துக்கு இடம் ஒதுக்குவேன். முகமும் கையும் மரமும் மிச்சமிருக்கும் இடத்தில் அமரும். பல நண்பர்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. ஆனால் படத்தை முடித்துவிட்டுத் தமிழை உள்ளே திணித்தால் எழுத்து நசுங்கும், அல்லது வாக்கியத்தை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய வாக்கியத்தில் பேசியவரின் குரல் இருக்காது.

சிறு வயதில் நான் படித்தவை சிவகாசியிலிருந்து வந்த மொழிபெயர்ப்புக் காமிக்ஸ்கள். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படக்கதை என்றால் என்னவென்று காட்டின; அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அவற்றின் படங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, பேச்சுக் குமிழிகள் வேறு மொழியின் சொற்களுக்கு அளவெடுத்தவை, அந்த அளவுக்குள் தமிழை அடக்கியாக வேண்டிய கட்டாயம் மொழிபெயர்த்தவர்களுக்கு இருந்தது. நான் சொந்தமாக வரையத் தொடங்கியபோதும் கண்ணுக்குப் பழகிய அதே அளவில் குமிழிகளைப் போட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று தவித்தேன். அந்தக் கட்டாயம் எனக்கு இல்லை என்பது புரியவே வெகுகாலம் ஆயிற்று.

தமிழுக்குக் குமிழி வரைவதில் அப்படி என்ன தனிச் சிக்கல்?

முதலாவது உயரம். ஆங்கிலப் படக்கதைகளில் பெரும்பாலும் பெரிய எழுத்துகளை மட்டுமே பயன்படுத்துவார்கள். எல்லா எழுத்தும் ஒரே உயரம் என்பதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் மேலே எழும்பும். கு, று, ழ போன்றவை கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'று' கீழ்வரியின் புள்ளிமேல் போய் உட்காரும், 'க்' என்பது 'க' ஆகிவிடும். அதனால் எழுத்தின் உடல் 4 மி.மீ. என்றால் வரிக்கு வரி 8 மி.மீ. இடைவெளி விடுகிறேன்.

இரண்டாவது சொல்லின் நீளம். 'வந்துட்டிருக்காங்களாம்' என்பது பேச்சுத் தமிழில் ஒரே சொல். வட்டமான குமிழியின் நடுவில் அது ஒரு வரியை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். மேலும் கீழும் வெற்றிடம் கிடக்கும். ஆகவே என் குமிழிகள் தட்டையாக, அகலமாக இருக்கும். சொல்லை உடைத்தே தீர வேண்டுமானால் மூச்சு நிற்கும் இடத்தில் உடைப்பேன்: 'வந்துட்டு' என்று ஒரு வரி, 'இருக்காங்களாம்' என்று அடுத்த வரி. புள்ளி வைத்த எழுத்தில் எந்த வரியையும் தொடங்குவதில்லை. கடைசி வரியில் ஓர் எழுத்தைத் தனியாக விடுவதும் இல்லை.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில் வருகிறது. எங்கள் தெருவில் ஓர் அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்ன வாக்கியத்தைப் பாருங்கள்: "உங்க பையன நேத்து மார்க்கெட்டுல சிகரெட்டோட பார்த்தேன்னு யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." இதை ஒரே குமிழியில் எழுதி, கேட்பவரின் அதிர்ச்சியை அதே கட்டத்தில் வரைந்தால் பாதி சுவை போய்விடும், ஏனென்றால் வாசகரின் கண் எழுத்தைப் படித்து முடிக்கும் முன்பே முகத்தைப் பார்த்துவிடும். நான் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்தேன். மூன்றாம் கட்டத்தில் "...பார்த்தேன்னு" என்பது வரை, அங்கே கேட்பவரின் கையிலிருக்கும் பால் பாக்கெட்டை மட்டும் காட்டினேன். நான்காம் கட்டத்தில் "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்பது மேல் இடது மூலையில் வர, அவருடைய முகம் கீழ் வலது மூலையில் வருகிறது. தமிழ் வாக்கியம் எந்த இடத்தில் திரும்புகிறதோ அந்த இடத்தில் கட்டத்தின் கோடு விழ வேண்டும். பக்கத்தின் அமைப்பை எழுத்திலிருந்து தொடங்குவதால் எனக்குக் கிடைக்கும் பலன் இது.

எழுத்துகளைக் கையால் எழுதுகிறீர்களா?

ஆம். படத்துக்கு மை போடுவதற்கு முன்பே எழுத்துக்கு மை போட்டுவிடுவேன். கணினி எழுத்துருவில் அமைக்க விரும்புவோருக்கு நல்ல இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. மும்பையின் ஏக் டைப் குழுவினர் வடிவமைத்த 'பலூ தம்பி' தடித்த, உருண்டையான எழுத்து, சிறுவர் கதைகளுக்குப் பொருந்தும். ஆனால் கையெழுத்தில் ஒருவர் கத்தும்போது எழுத்து சாயும், முணுமுணுக்கும்போது சுருங்கும். அந்த நெகிழ்ச்சியை நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

பெங்களூரில் ஒரே ஆள் மூன்று மொழி பேசுவாரே, அதை எப்படிக் காட்டுகிறீர்கள்?

இதற்கு விடை காணவே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கன்னடத்தைக் கன்னட எழுத்திலேயே எழுதினால் தமிழ் வாசகர் பலரால் படிக்க முடியாது. தமிழில் மொழிபெயர்த்து எழுதினால் எல்லோரும் ஒரே மொழி பேசுவதுபோல் ஆகி, ஊரே பொய்யாகிவிடும். ஆகவே கன்னடத்தைத் தமிழ் எழுத்தில், ஒலி மாறாமல் எழுதுகிறேன். குமிழியின் வடிவத்தால் மொழியைப் பிரிக்கிறேன். தமிழுக்கு நீள்வட்டம், கன்னடத்துக்கு மூலை மழுங்கிய சதுரம், இந்திக்கும் உருதுவுக்கும் விட்டுவிட்டு வரும் கோடு. இரண்டு மூன்று பக்கம் படித்ததும் வாசகர்கள் பழகிவிடுகிறார்கள்.

சோமேஸ்வரர் கோயில் பக்கம் ஓர் அம்மா மல்லிகை கட்டி விற்கிறார். ஒருவர் வந்து கன்னடத்தில் "ஒந்து மொள எஷ்டு?" என்று விலை கேட்டார். "நலவத்து" என்றார் அந்த அம்மா. அடுத்தவர் தமிழில் கேட்டார், "நாப்பது." மூன்றாமவர் இந்தியில் கேட்டார், "சாலீஸ்." மூன்று முறையும் கை ஒரே வேலையைச் செய்தது: சரத்தின் நுனியை விரல்நுனியில் பிடித்து முழங்கை வரை இழுத்து, கட்டைவிரலால் நிறுத்தி, நூலை அறுத்தது. நான் முதல் மூன்று கட்டங்களிலும் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையை மட்டும் ஒரே கோணத்தில் வரைந்தேன். மாறுவது குமிழியும் அதனுள் இருக்கும் சொல்லும்தான். 'மொள' என்பதற்கும் 'முழம்' என்பதற்கும் உள்ள உறவை நான் விளக்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

ஒலிபெயர்ப்பில் இடறும் இடங்களும் உண்டு. கன்னடத்தில் 'வேண்டும்' என்பதற்கான சொல்லை 'பேக்கு' என்று எழுதினேன். சென்னையிலிருந்து படித்த உறவினர், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று கேட்டார். இப்போது 'பேகு' என்று எழுதுகிறேன்.

தெருவில் இருப்பவர்களை வரையும்போது அனுமதி கேட்பீர்களா?

முகம் அடையாளம் தெரியும்படி வரைந்தால் கட்டாயம் கேட்பேன்; மை போடும் முன் பென்சில் படத்தைக் காட்டுவேன். பெயரை எழுதுவதில்லை. மேலே சொன்ன பூக்கார அம்மாவிடம் பென்சில் பக்கத்தைக் காட்டியபோது, அவர் முதல் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எங்கையக் குட்டையா போட்டுட்டியே, கண்ணு. பாக்கறவங்க நான் அளவுல குறைக்கிறேன்னு நினைப்பாங்க" என்றார். தன் கையை என் தாளின்மேல் வைத்துக் காட்டினார். அவர் சொன்னது சரி: இடத்தை மிச்சப்படுத்த முன்கையை நான் சுருக்கியிருந்தேன். அழித்துவிட்டு, முழங்கை கட்டத்தின் கோட்டைத் தொடும்படி மீண்டும் வரைந்தேன். படத்துக்கு அதுவே அழகாகவும் அமைந்தது. யாரை வரைகிறோமோ அவரிடம் காட்டுவதை நான் மரியாதைக்காகத் தொடங்கினேன். அது திருத்தம் பார்க்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். தீப்பெட்டி அளவில் சிறு உருவரை போடப் பத்து நிமிடம், பென்சிலுக்கு அரை மணி, எழுத்துக்கும் படத்துக்கும் மை போட மீதி. சிறு உருவரையைத் தவிர்த்த நாள்களில் மொத்த நேரம் கூடியதே தவிரக் குறைந்ததில்லை.

என்னென்ன பொருள்கள் பயன்படுத்துகிறீர்கள்?

எச்பி பென்சில், மென்மையான அழிப்பான், வழவழப்பான தடித்த தாள், ஜப்பானின் சகுரா நிறுவனத்து மைக்ரான் பேனா, கருமையான இடங்களுக்கு ஒரு பிரஷ். நீரில் கரையாத மை என்பதால் அதன்மேல் நீர்வண்ணம் பூசலாம். அச்சில் ஏ4 தாள் ஏ5 ஆகும்போது எல்லாம் 71 விழுக்காடாகச் சுருங்கும் என்பதை நினைவில் வைத்துக் கோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 05 எண்ணுள்ள மைக்ரானின் கோடு 0.45 மி.மீ.; அச்சில் அது 0.32 மி.மீ. ஆகும், நன்றாக நிற்கும். 005 எண்ணுள்ள மிக மெல்லிய பேனாவால் போட்ட தலைமுடிக் கோடுகள் அச்சில் காணாமலே போயிருக்கின்றன. விலை உயர்ந்த பொருள்களை வாங்கிவிட்டுத் தாளைக் கெடுக்கப் பயப்படுவதைவிட, கெட்டாலும் கவலையில்லாத தாளில் நிறைய வரைவது நல்லது.

கட்டடங்களைப் புகைப்படத்தைப் பார்த்து வரைகிறீர்களா?

முடிந்தவரை நேரில்தான். ஆனந்த விகடனில் வந்த கோயில் சிற்ப ஓவியங்களுக்காக, ஓவியர் சில்பி அந்தந்தக் கோயிலுக்கே சென்று சிற்பத்தின் முன் அமர்ந்து வரைந்தார். அந்தப் பொறுமைக்குப் பக்கத்தில்கூட நான் இல்லை, ஆனாலும் வழி அதுதான் என்று நம்புகிறேன். கைபேசி கேமரா அருகில் உள்ளதைப் பெரிதாக்கி, தூரத்தில் உள்ளதைச் சுருக்கிவிடுகிறது. புகைப்படத்தைப் பார்த்து வரைந்த சோமேஸ்வரர் கோயில் கோபுரம், தெருவில் நின்று நான் பார்க்கும் கோபுரத்தைவிடச் சிறியதாகவே வந்தது.

நான்கு கட்டத்துக்குள் நீண்ட காலத்தைக் காட்ட முடியுமா?

முடியும். அதற்குக் கட்டங்களைவிட அவற்றுக்கு இடையே உள்ள வெள்ளை இடைவெளி உதவும். அல்சூர் ஏரிக்கரை அருகே உள்ள திருவள்ளுவர் சிலை 1991-இல் நிறுவப்பட்டு, திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. என் பள்ளிப் பருவம் முழுவதும் அந்த மூடிய உருவத்தைப் பார்த்தபடியே நடந்திருக்கிறேன். அதை வரைந்தபோது முதல் மூன்று கட்டங்களிலும் ஒரே இடம், ஒரே கோணம், ஒரே மூடிய உருவம். முதல் கட்டத்தில் நான் அப்பாவின் தோளில், இரண்டாவதில் பள்ளிப் பையுடன், மூன்றாவதில் கல்லூரிக்குப் போகும் பெண்ணாக. வழக்கமாகக் கட்டங்களுக்கு நடுவே 5 மி.மீ. விடுவேன், இதில் 12 மி.மீ. விட்டேன், கண் அங்கே சற்று நின்று கடக்கட்டும் என்று. நான்காம் கட்டத்தில் சிலையை நான் வரையவில்லை. அண்ணாந்து பார்க்கும் அப்பாவின் முகத்தை வரைந்தேன். பேச்சிலிருந்தே தொடங்குவேன் என்று சொன்ன நான், அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை. அப்பா அன்று எதுவும் பேசவில்லை.

மாதம் முழுவதும் வரையும் சவால்களில் கலந்துகொள்வீர்களா?

அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-இல் தொடங்கிய இங்க்டோபர், அக்டோபரில் நாளுக்கு ஒரு சொல் கொடுத்து, அதற்கு ஒரு மைப்படம் போடச் சொல்கிறது. அமெரிக்கப் படக்கதை ஓவியர் ஸ்காட் மெக்கிளவுட் 1990-இல் முன்வைத்த சவால், 24 மணி நேரத்தில் 24 பக்கப் படக்கதை. இரண்டையும் ஒருமுறை செய்து பார்த்தேன். முதலாவது கோட்டில் துணிச்சலைத் தந்தது. இரண்டாவதில் பதினைந்தாம் பக்கத்துக்குப் பிறகு அலங்காரம் செய்யும் தெம்பே இல்லாமல் போய், கதைக்குத் தேவையானது மட்டும் மிஞ்சியது. அந்தப் பக்கங்களை இன்றும் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் கொடுக்கும் ஒற்றைச் சொல்லுக்குப் படம் போடுவதைவிட, அன்று காதில் விழுந்த வாக்கியத்துக்குப் படம் போடுவதே என் இயல்புக்கு ஏற்றது. வரையாமல் விட்ட நாள்கள் எனக்கும் உண்டு. அவற்றை மறுநாள் சேர்த்து வரைய முயல்வதில்லை. தேதியை மட்டும் எழுதி நான்கு கட்டங்களையும் வெறுமையாக விட்டுவிடுகிறேன்.

ஓவியக் கல்லூரியில் படித்தால்தான் முடியுமா?

படிக்க வாய்த்தால் படியுங்கள். உடற்கூறும் ஒளியும் நிழலும் முறையாகக் கற்றுக்கொள்ளலாம். வாய்க்கவில்லை என்று நின்றுவிட வேண்டாம். மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1921-இல் பிறந்த ஆர்.கே. லக்ஷ்மணுக்கு மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. மைசூரிலேயே பட்டப்படிப்பு படித்தவர், பின்னர் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கேலிச்சித்திரம் வரைந்தார். அவர் சலிக்காமல் வரைந்துகொண்டே இருந்த காக்கைகளைப் பாருங்கள். எந்தக் காக்கையும் இன்னொன்றைப் போல் நிற்பதில்லை.

சிறு நூலாக அச்சிட என்ன கவனிக்க வேண்டும்?

நடுவில் பின் அடிக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். கறுப்புக் கோட்டை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், வண்ணத்துக்கு 300 போதும். ஓரம் வரை வண்ணம் வருமானால் நாற்புறமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். என் முதல் நூலில், 16 பக்கம், அட்டையையும் அறிமுகக் குறிப்பையும் மட்டும் கணினியில் தட்டச்சு செய்திருந்தேன். எழுத்துகளை வடிவக் கோடுகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத படங்களாக, மாற்றாமல் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த மென்பொருள் தமிழை அறியாதது. 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளிகள் தனியே மிதந்து, நூறு பிரதிகளிலும் அறிமுகக் குறிப்பைப் படிக்கவே முடியாமல் போயிற்று. அன்று அழுதேன். அன்றுமுதல் எந்தக் கோப்பையும் வடிவக் கோடுகளாக மாற்றி, தாளில் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்க்காமல் அச்சுக்கு ஒப்புதல் தருவதில்லை. திரையில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வது போதாது.

பெங்களூரில் படக்கதை ஆர்வலர் எங்கே போகலாம்?

மகாத்மா காந்தி சாலையை ஒட்டி, டிரினிட்டி சர்க்கிள் அருகே, இந்தியக் கார்ட்டூனிஸ்டுகள் நிறுவனம் நடத்தும் கார்ட்டூன் கேலரி இருக்கிறது. அச்சில் சுருங்கிய படங்களின் அசல் தாள்களை அங்கே பார்க்கலாம்; வெள்ளை மை பூசித் திருத்திய இடங்கள் அசலில்தான் தெரியும். ஆண்டுதோறும் ஜனவரியில், குமார கிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தையில் தெரு முழுவதும் ஓவியர்கள் அமர்ந்திருப்பார்கள், காலையிலேயே போனால் அவர்களுடன் பேச நேரம் கிடைக்கும். பழைய காமிக்ஸ் தேடுவோர் சர்ச் தெருப் புத்தகக் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றலாம்.

இப்போது என்ன வரைந்துகொண்டிருக்கிறீர்கள்?

என் பாட்டி வட ஆற்காட்டிலிருந்து திருமணமாகி இந்த ஊருக்கு வந்தவர். அவர் பேசும் தமிழில் பாதிச் சொற்கள் கன்னடம் என்பது அவருக்கே தெரியாது. 'சாக்கு' என்றால் 'போதும்' என்பதைத் தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பேச்சை வைத்து நாற்பது பக்கக் கதை ஒன்று எழுதி வருகிறேன். அவருடைய சொற்களை நீள்வட்டத்தில் எழுதுவதா, மூலை மழுங்கிய சதுரத்தில் எழுதுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. முதல் ஆறு பக்கங்களில் குமிழிக்குக் கோடே போடாமல், எழுத்துக்கு மட்டும் மை போட்டு வைத்திருக்கிறேன்.